ரத்தம் வந்ததும் கையை நிறுத்திவிடாதீர்கள்: அல்ட்ராசவுண்ட் பார்த்து ஐ.வி. போடுவது பற்றி

கேள்வி இதுதான். வார்டில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர் கேட்கிறார்: "எங்கள் பிரிவுக்கு அல்ட்ராசவுண்ட் மெஷின் வந்து இரண்டு மாதம் ஆகிறது. திரையில் சிரை அழகாகத் தெரிகிறது, ஊசியும் போகிறது, பின்னால் ரத்தமும் வருகிறது. ஆனால் ஊசியின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் குழாயான கேனுலாவைத் தள்ளினால் போக மாட்டேன் என்கிறது. அப்படியே போனாலும் மறுநாள் காலைக்குள் கை வீங்கி லைன் போய்விடுகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்?"

சுருக்கமான பதில்: நீங்கள் சிரையைப் பார்க்கிறீர்கள், ஊசியின் நுனியைப் பார்க்கவில்லை. ரத்தம் எட்டிப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடுகிறீர்கள். கையால் தடவிப் பார்த்துப் போடும்போது அந்தப் பழக்கம் சரிதான். ஆழத்தில் இருக்கும் சிரைக்கு அது போதாது, அங்கே ரத்தம் வந்த பிறகுதான் பாதி வேலை பாக்கி இருக்கிறது. இதையே இனி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் பல மாதம் இங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்ன விஷயம். நோயாளிகள் "எனக்கு நரம்பே கிடைக்காது" என்றுதான் சொல்வார்கள். பேச்சில் நாம் எல்லோருமே ரத்தக் குழாயை நரம்பு என்றுதான் சொல்கிறோம். ஆனால் இங்கே நிஜமான நரம்பும் ஊசிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, அதைக் குத்திவிடக் கூடாது என்பதும் நம் கவலை. அதனால் இந்தப் பதிலில் சிரை என்றால் சிரை, தமனி என்றால் தமனி, நரம்பு என்றால் உணர்வையும் அசைவையும் கடத்துகிற நரம்பு மட்டும்தான்.

முதலில், இது யாருக்கு? பலமுறை கீமோ எடுத்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், நீர் வற்றி வந்தவர்கள், உடம்பெல்லாம் நீர்கோத்து வீங்கியவர்கள், பல வருடம் ஊசியில் போதை எடுத்தவர்கள், அப்புறம் போன முறை மருத்துவமனையில் ஏழெட்டு இடத்தில் குத்து வாங்கியவர்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். "போன தடவை ரொம்பக் கஷ்டப்பட்டார்கள்" என்று நோயாளி சொன்னால் அதை நம்புங்கள். டூர்னிக்கே (சிரை புடைக்கக் கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்கும் தட்டுப்படவில்லை, முன்பும் கஷ்டப்பட்டிருக்கிறது என்று மூன்றும் சேர்ந்தால் நான் குருட்டு முயற்சி ஒன்றுகூடச் செய்வதில்லை, நேராக மெஷினை இழுத்து வருவேன். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக் கூடாது என்ற விதியைப் பல இடங்களில் கடைப்பிடிக்கிறார்கள், அது நல்ல விதி. ஆனால் அந்த இரண்டு குத்துமே வீணாகத்தான் போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த இரண்டும் எதற்கு? ஒவ்வொரு தோல்வியும் ஒரு நல்ல சிரையைக் கெடுத்துவிட்டுத்தான் போகிறது.

என் மனதை விட்டு அகலாத ஒரு முகம் உண்டு. கீமோவின் பல சுற்று முடித்த வயதான அம்மா. நான் டிரேயோடு உள்ளே நுழைந்ததும் எதுவும் பேசாமல் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். முந்தைய நாள் குத்திய இடமெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. "இன்றைக்கு ஸ்கேன் பார்த்துப் போடுகிறேன் அம்மா, கிடைக்குமா கிடைக்காதா என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஊசியையே எடுப்பேன்" என்று சொன்ன பிறகுதான் ஒரு கை வெளியே வந்தது. குத்துவதற்கு முன்பே கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள முடிகிறது பாருங்கள், அதுதான் இந்த மெஷின் நோயாளிக்குக் கொடுக்கிற முதல் நன்மை.

அதே நேரம், எல்லோருக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2016இல் வெளியான, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஒப்பீட்டில், கடினமான கைகளில் அல்ட்ராசவுண்ட் தெளிவாக ஜெயித்தது. சுலபமான கைகளில் வழக்கமான முறைதான் முன்னால் நின்றது. புறங்கையில் கயிறு போல நிற்கிற சிரைக்கு மெஷின் வேண்டாம். கடினமானவர்களில் இதன் பலன் எவ்வளவு என்பதற்கு ஒரு பழைய கணக்கு: 2005இல் வந்த ஆய்வில், வழக்கமான முயற்சிகள் தோற்ற நோயாளிகளிடம் அல்ட்ராசவுண்டுடன் 97 சதவீதம் வெற்றி, அது இல்லாமல் 33 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனால் தினமும் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு அந்த வித்தியாசம் கண்கூடு.

சரி, இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருவோம். அதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கின்றன. கேனுலா உள்ளே போகாதது ஒன்று, போனது மறுநாள் வீங்குவது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, சிரையைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

சாதாரண கேனுலாவின் நீளம் 3 செ.மீ.யைச் சுற்றித்தான் இருக்கும். 3.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரை தோலிலிருந்து 1 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது, நீங்கள் 45 டிகிரியில் குத்துகிறீர்கள். சிரையைத் தொடுவதற்கே 1.4 செ.மீ. செலவாகிவிட்டது. உள்ளே இருக்கப் போவது 1.8, அதாவது பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். அதையே 30 டிகிரியில் சாய்த்துக் குத்தினால் வழியில் 2 செ.மீ. போய்விடும், சிரைக்குள் 1.2 மட்டும்தான் இருக்கும். ஒன்றரை செ.மீ. ஆழம் என்றால் 45 டிகிரியில்கூட மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே. இப்போது நோயாளி கையை மடக்கி நீட்டுகிறார், திரும்பிப் படுக்கிறார். தோலுக்கும் சிரைக்கும் நடுவில் இருக்கிற சதை ஒவ்வொரு அசைவிலும் கேனுலாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கிறது. தோலில் ஒட்டிய பிளாஸ்டர் அப்படியே இருக்கும், உள்ளே நுனி நழுவியிருக்கும். காலையில் நீங்கள் பார்க்கிற வீக்கம் அதுதான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கேனுலாவின் நீளத்தில் 30 சதவீதத்துக்கும் குறைவாகச் சிரைக்குள் இருந்தவை அத்தனையும் 72 மணி நேரத்துக்குள் கெட்டுவிட்டன. 30 முதல் 64 சதவீதம் உள்ளே இருந்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கெட்டது. 65 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவற்றில் ஒன்றுகூடக் கெடவில்லை. ஆய்வு சிறியதுதான், ஆனாலும் அதைப் படித்த அன்றிலிருந்து என் வேலை முறையே மாறியது. கேனுலாவில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இருக்க வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் சிரையைத் தேடுகிறேன். மேலே போட்ட அதே கணக்கில் 4.8 செ.மீ. கேனுலாவை வைத்துப் பாருங்கள்: 1 செ.மீ. ஆழம், 45 டிகிரி, உள்ளே 3.4, அதாவது 70 சதவீதத்துக்கு மேல். ஆக, ஒன்று ஆழம் குறைந்த சிரையைத் தேட வேண்டும், இல்லையென்றால் நீளமான கேனுலாவைக் கேட்டு வாங்க வேண்டும். நீளமானது உங்கள் பிரிவில் இல்லையென்றால் அதற்காகச் சண்டை போடுங்கள், அது நியாயமான சண்டை. அது வரும்வரை, அரை செ.மீ. ஆழத்தில் இருக்கிற சிரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சாதாரண கேனுலாவே போதும்.

அதனால் தேடும் இடத்தை மாற்றுங்கள். மெஷின் கைக்கு வந்ததும் எல்லோரும் மேல்கைக்குத்தான் போகிறார்கள், அங்கே சிரை பெரிதாக, கருகருவென்று வட்டமாகத் தெரியும், ஆசை வரும். நான் முதலில் முன்கையைத்தான் பார்ப்பேன். டூர்னிக்கேயை நன்றாக மேலே, அக்குள் பக்கமாகக் கட்டிவிட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை புரோபை (தோலில் வைத்துப் பார்க்கும் மெஷினின் கைப்பிடிக் கருவி) குறுக்கே வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போவேன், உள்பக்கம் ஒருமுறை, வெளிப்பக்கம் ஒருமுறை. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத, ஆனால் அரை செ.மீ. ஆழத்தில் நல்ல அகலத்தோடு ஓடுகிற சிரை முன்கையில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள். அங்கே மூட்டு இல்லை, அசைவு குறைவு, லைன் நாள்கணக்கில் நிற்கும். அது இல்லையென்றால் மேல்கையின் வெளிப்பக்கம் ஓடும் செஃபாலிக், பிறகு உள்பக்கம் ஓடும் பேஸிலிக். தமனியை ஒட்டியே ஓடுகிற பிரேக்கியல் சிரைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிரை கிடைத்ததும் மூன்று விஷயம் பார்ப்பேன். அகலம் 4 மி.மீ. இருந்தால் நிம்மதி. ஆழம் 0.3 முதல் 1.5 செ.மீ.க்குள் இருந்தால் வெற்றி அதிகம் என்று ஆய்விலும் கண்டிருக்கிறார்கள். சாதாரண நீளக் கேனுலாவுக்கு அந்த ஒன்றரையும் அதிகம் என்பதை இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கேனுலாவின் பருமனைப் போல மூன்று மடங்காவது சிரையின் அகலம் இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கிற கணக்கு. பிங்க் நிற 20 கேஜ் அளவுக் கேனுலா ஏறக்குறைய 1.1 மி.மீ. பருமன், அப்படியானால் 3.3 மி.மீ.க்குக் குறைந்த சிரையில் அதைத் திணிக்க மாட்டேன், சுற்றிலும் ரத்தம் ஓட இடமில்லாவிட்டால் அங்கே ரத்தம் உறையும். மூன்றாவது, புரோபால் அழுத்திப் பார்ப்பது. சிரை என்றால் மெல்ல அழுத்தினாலே சப்பென்று மூடிக்கொள்ளும். தமனி வட்டமாகவே நின்று துடிக்கும். வட்டமாக இருக்கிறது, துடிக்கவும் இல்லை, அழுத்தினாலும் மூடவில்லை என்றால் அது உறைந்துபோன சிரை, அதைத் தொடாதீர்கள். சிரை ஓடும் திசையையும் பாருங்கள். இரண்டு மூன்று செ.மீ. தூரத்துக்கு நேராகப் போகிறதா, அல்லது வளைந்து இன்னொன்றோடு சேர்ந்துவிடுகிறதா? கேனுலா படுக்கப் போவது அந்த மூன்று செ.மீ.யில்தான்.

மேல்கையின் உள்பக்கத்தில் ஓர் எச்சரிக்கை. நடுவில் துடிக்கிற தமனி, அதன் இரு பக்கமும் காது வைத்தது போல இரண்டு சிரைகள், பக்கத்திலேயே தேன்கூடு மாதிரி வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி புள்ளியாகத் தெரிவது மீடியன் நரம்பு. இந்த முறையைப் பற்றி 1999இல் வந்த முக்கியமான ஆய்வில் 101 பேருக்கு மேல்கையில் இப்படித்தான் போட்டார்கள். 91 சதவீதம் வெற்றி, ஆனால் 2 சதவீதத்தினருக்குத் தமனியில் குத்தியது, 8 சதவீதத்தினருக்கு ஒரு மணி நேரத்துக்குள் லைன் வெளியே வந்துவிட்டது. குத்தும்போது நோயாளி "விரல் வரைக்கும் ஷாக் அடித்த மாதிரி இருக்கிறது" என்றால் உடனே ஊசியை எடுத்துவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

இனி முதல் சிக்கல், ரத்தம் வந்தும் கேனுலா போகாதது.

உட்காரும் விதத்திலிருந்தே தொடங்குங்கள். மெஷின் நோயாளிக்கு அந்தப் பக்கம், உங்களுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். உங்கள் கண், ஊசி, திரை மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கை கோணிக்கொண்டே போகும். புரோபின் ஓரத்தில் ஒரு குறி இருக்கும், அதுவும் திரையில் இருக்கிற குறியும் ஒரே பக்கமா என்று ஓர் ஓரத்தை விரலால் தட்டிப் பாருங்கள், இது மாறியிருந்தால் நீங்கள் வலப்பக்கம் போக ஊசி இடப்பக்கம் போகும். புரோப், நேர்கோட்டு முகம் கொண்ட லீனியர் புரோப், அதிக அதிர்வெண் உள்ளது, 10 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி. திரையின் ஆழத்தை 2 அல்லது 3 செ.மீ.க்குக் குறையுங்கள். முந்தைய ஆள் வயிறு ஸ்கேன் பார்த்துவிட்டு 10 செ.மீ.யில் விட்டுப் போயிருந்தால் உங்கள் சிரை கடுகளவுதான் தெரியும். சிரையைத் திரையின் நடுவில் கொண்டு வந்து நிறுத்துங்கள். புரோபைப் பிடித்த கையின் சுண்டுவிரலோ உள்ளங்கை ஓரமோ நோயாளியின் கை மேல் ஊன்றியிருக்க வேண்டும், அந்தரத்தில் பிடித்தால் நழுவும். அழுத்தவே கூடாது. டூர்னிக்கே கட்டி நிரப்பிய சிரையை நாமே புரோபால் நசுக்கிவிட்டு "சிரை காணாமல் போய்விட்டது" என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

இப்போது நுனி. இதைப் பொறுமையாகப் படியுங்கள். புரோபைக் குறுக்கே வைத்திருக்கும்போது திரையில் நீங்கள் பார்ப்பது கையின் மிக மெல்லிய ஒரே ஒரு நறுக்கு. அந்த நறுக்கை ஊசி கடக்கிற இடம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி நுனியா, ஊசியின் நடுத்தண்டா? பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் நுனி எப்போதோ சிரையைத் துளைத்து மறுபக்கச் சதைக்குள் போயிருக்கும், திரையில் தெரிகிற புள்ளியோ சிரையின் நடுவில் அழகாக நிற்கும், அது தண்டு. உங்களுக்கு ரத்தமும் வந்திருக்கும், உள்ளே கடந்து போகும்போது வந்த ரத்தம் அது. பிறகு கேனுலாவைத் தள்ளினால் எப்படிப் போகும், அதன் முன்னால் இருப்பது சிரையின் சுவரும் சதையும்தானே.

இதற்கு ஒரே வழி, நுனியைத் துரத்திக்கொண்டே போவது. ஊசியைத் தோலுக்குள் நுழைத்து, புள்ளி தெரிந்தவுடன் ஊசியை நிறுத்துங்கள். புரோபை மட்டும் தோள் பக்கமாக இரண்டு மில்லிமீட்டர் நகர்த்துங்கள். புள்ளி மறைய வேண்டும். மறைந்தால் முன்பு பார்த்தது நுனிதான் என்று அர்த்தம். மறையவில்லை என்றால் நுனி இன்னும் முன்னால் இருக்கிறது, மறையும் வரை புரோபை நகர்த்துங்கள். மறைந்த பிறகு புரோப் நிற்கட்டும், ஊசியைத் தள்ளுங்கள், புள்ளி மறுபடி தோன்றும், ஊசியை நிறுத்துங்கள், புரோபை நகர்த்துங்கள். புரோப் ஓர் அடி, ஊசி ஓர் அடி. இரண்டும் ஒன்றாக நகரவே கூடாது. மெதுவாகத்தான் போகும், அப்படித்தான் போக வேண்டும்.

நுனி சிரையின் கூரையைத் தொடும்போது கூரை உள்ளே குழிவதைப் பார்ப்பீர்கள், வட்டமாக இருந்தது மேலே பள்ளம் விழுந்து இதய வடிவத்துக்கு வரும். இன்னும் உள்ளே போகவில்லை, சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே கொஞ்சம் சுருக்கென்று ஒரு சின்னத் தள்ளு. பள்ளம் விட்டுக்கொடுத்துக் கூரை பழையபடி மேலே எழும்பும், கறுப்பு வட்டத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும். பின்னால் ரத்தம் வரும். இந்த இடத்தில்தான் நீங்கள் புரோபைக் கீழே வைத்துவிட்டுக் கேனுலாவைத் தள்ளப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வைக்காதீர்கள். ஊசியின் நுனி கேனுலாவின் நுனியைவிடச் சற்று முன்னால் நீண்டிருக்கும், ரத்தம் வந்த கணத்தில் ஊசி மட்டும்தான் உள்ளே, பிளாஸ்டிக் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. சாய்வைக் குறைத்து ஊசியைத் தோலோடு படுக்க வையுங்கள், பிறகு அதே நடை: புரோப் ஓர் அடி, புள்ளி மறைகிறது, ஊசி ஓர் அடி, புள்ளி வட்டத்தின் நடுவில் வருகிறது. புள்ளி கீழ்ச்சுவரை நெருங்கினால் இன்னும் படுக்க வையுங்கள், ஓரத்துக்குப் போனால் ஊசியின் பின்பகுதியை அதே பக்கம் மெல்லத் திருப்புங்கள், நுனி நடுவுக்கு வரும். இப்படிச் சிரைக்குள்ளேயே குறைந்தது ஒரு செ.மீ. நடந்து போங்கள். நான் முடிந்தால் கேனுலாவின் பெரும்பகுதியை இப்படி ஊசியோடு சேர்த்தே கொண்டு போய்விடுவேன், தனியாகத் தள்ளுவதற்கு அதிகம் மிச்சம் இருக்காது. அப்படிச் செய்யும்போது கேனுலா மாட்டிக்கொள்வது அபூர்வம்.

நீளவாக்கில் புரோபைத் திருப்பிப் பார்க்கும் முறையும் இருக்கிறது, ஊசி முழுவதும் ஒரு கோடாகத் தெரியும், பார்க்கவே அருமையாக இருக்கும். ஆனால் கை ஒரு மில்லிமீட்டர் சரிந்தாலும் சிரையோ ஊசியோ திரையிலிருந்து போய்விடும், பக்கத்தில் தமனி எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. ஆரம்பத்தில் குறுக்குவாக்கிலேயே நன்றாகப் பழகுங்கள். உள்ளே போன பிறகு ஒருமுறை திருப்பிப் பார்த்து நுனி சுவரில் முட்டவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்கு நீளவாக்கு நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் கேனுலா தடுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். சிரைக்குள் வால்வு இருக்கலாம், அப்போது டூர்னிக்கேயை அவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் சலைன் செலுத்திக்கொண்டே மெதுவாகத் தள்ளினால் சில நேரம் திறந்துகொள்ளும். பாதி வெளியே வந்த ஊசியை மறுபடி கேனுலாவுக்குள் திணிப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், பிளாஸ்டிக்கை ஊசி வெட்டித் துண்டு ரத்தத்தில் போய்விடும்.

சுத்தம் பற்றி இரண்டு வரி. எல்லோரும் கை வைக்கிற பெரிய பாட்டில் ஜெல்லை ஊசி போடும் இடத்தில் பயன்படுத்தாதீர்கள். ஜெல்லில் வளர்ந்த பர்க்கோல்டேரியா கிருமியால் நோயாளிகளுக்குத் தொற்று பரவிய சம்பவங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்திருக்கின்றன. தேடும்போதே ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் ஸ்டெரைல் ஜெல், பிறகு துடைத்து, குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி போட்டுத் தானாகக் காயவிட்டு, குத்தும்போதும் ஸ்டெரைல் ஜெல், புரோபின் மேல் ஸ்டெரைல் உறை. போட்டு முடித்ததும் ஜெல்லைச் சொட்டு மிச்சமில்லாமல் துடைத்துக் காயவைத்துவிட்டுத்தான் டிரெஸ்ஸிங் ஒட்டுங்கள். வழவழப்பின் மேல் ஒட்டிய டிரெஸ்ஸிங் இரவு முழுக்க நிற்காது, அது உரியும்போது அத்தனை உழைப்பும் அதோடு போய்விடும்.

போட்டாகிவிட்டது. சலைன் ஃப்ளஷ் போகிறது, வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆழமான சிரைக்கு இந்த மூன்றும் போதாது. மேற்பரப்பில் லைன் வெளியே போனால் உடனே தோல் உப்பிக் காட்டிக்கொடுக்கும், ஒன்றரை செ.மீ. ஆழத்தில் வெளியே போனால் கணிசமான திரவம் இறங்கும் வரை மேலே ஒன்றும் தெரியாது. நான் வேலை பார்த்த ஒரு வார்டில் மேல்கையில் இப்படிப் போட்ட லைனில் இரவு முழுக்கத் திரவம் ஓடியது, பம்ப் சத்தமே போடவில்லை, விடிகாலையில் பார்த்தபோது கை கல்லாக இறுகியிருந்தது. அன்று ஓடியது வெறும் சலைன் என்பதால் இரண்டு நாளில் கை சரியானது. அதற்குப் பிறகு நான் ஒன்றைத் தவறவிடுவதில்லை: புரோபைக் கேனுலாவின் நுனிக்குச் சற்று மேலே, தோள் பக்கம் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சலைனைச் சட்டென்று செலுத்துவேன். கறுப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் பொரிகள் பறந்து போவது தெரியும். தெரிந்தால் உள்ளே இருக்கிறது. சுற்றியுள்ள சதை உப்பினால் வெளியே இருக்கிறது. அரை நிமிடத்தில் முடிகிற வேலை. ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும், முக்கியமாகச் சி.டி. ஸ்கேனுக்கு அழுத்தத்தோடு மருந்து செலுத்துவதற்கு முன்பும் இதைச் செய்யலாம். நார் அட்ரினலின் மாதிரி, வெளியே கசிந்தால் சதையை அழுக வைக்கும் மருந்துகளை இப்படிப்பட்ட ஆழமான லைனில் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டி வந்தால் மருத்துவரிடம் பேசி வேறு லைனுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

எங்கே போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) இருக்கிற கையில் கூடாது. சிறுநீரகம் படிப்படியாகச் செயலிழந்து வரும் நோயாளியிடம் முன்கை, மேல்கை இரண்டையுமே தவிர்த்துப் புறங்கையில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்று நாம் கெடுக்கிற செஃபாலிக் சிரை, நாளை அவருக்கு ஃபிஸ்டுலாவாக வேண்டிய சிரை. உயிர் போகிற அவசரத்தில் நோயாளி இருக்கும்போது மெஷினை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருக்காதீர்கள், எலும்புக்குள் போடும் ஊசி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதைக் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் மருந்து ஓட வேண்டும் என்று முன்பே தெரிந்தால் மிட்லைன் போன்ற நீளமான லைன் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். மற்றபடி, "எங்கும் கிடைக்கவில்லை, கழுத்தின் பெரிய சிரையில் சென்ட்ரல் லைன் போட்டுவிடலாம்" என்று முடிகிற பல கதைகளை உங்கள் கையால் தடுக்க முடியும். ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் ஊழியர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்த பிறகு 2006க்கும் 2011க்கும் இடையே சென்ட்ரல் லைன் போடுவது 80 சதவீதம் குறைந்ததாக வெளியிட்டிருக்கிறார்கள். நுரையீரல் குத்துப்படும் ஆபத்து, ரத்தத்தில் தொற்று பரவும் ஆபத்து இரண்டையும் அத்தனை நோயாளிகள் தாண்டியிருக்கிறார்கள், செவிலியர்களும் டெக்னீஷியன்களும் ஒரு புரோபைப் பிடிக்கக் கற்றுக்கொண்டதால்.

இரண்டு மாதம் ஆகியும் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். எத்தனை மாதம் என்பதைவிட எத்தனை கைகள் என்பதுதான் கணக்கு. நான்கு முயற்சிக்குள் பத்துக்கு ஏழு வெற்றி வரும், பத்துக்கு ஒன்பதை நெருங்குவதற்குப் பதினைந்திலிருந்து இருபத்தாறு வரை ஆகும் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வில் கண்டார்கள். வாரத்துக்கு ஒன்று செய்தால் இரண்டு மாதத்தில் எட்டுதான் ஆகியிருக்கும். இடைவெளியில் ஜெலட்டின் கட்டிக்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைப் புதைத்து வைத்துக்கொண்டு அந்த "புரோப் ஓர் அடி, ஊசி ஓர் அடி" நடையை மட்டும் பழகுங்கள். குழாய்க்குள் நுழைவது நோக்கம் இல்லை, நுழைந்த பிறகு சுவரைத் தொடாமல் இரண்டு செ.மீ. நடந்து போவதுதான் நோக்கம்.

அடுத்த நோயாளிக்கு இப்படிச் செய்து பாருங்கள். முன்கையில் தேடுங்கள், ஆழத்தை அளந்து மூன்றில் இரண்டு பங்கு உள்ளே வருமா என்று கணக்குப் போடுங்கள், ரத்தம் வந்த பிறகு புரோபை எடுக்காமல் இன்னும் ஒரு செ.மீ. போங்கள், கடைசியில் சலைன் பொரி தெரிகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் வீங்கினால், எந்த இடம், எவ்வளவு ஆழம், கேனுலா எவ்வளவு நீளம் என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு கேளுங்கள், அதை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.